சென்னைத் தென்புறநகரில் அமைதி நாடிய குடியேற்றம்: இருப்புப்பாதை, மனைப்பிரிவு, ஏரி நிலம்

ஆய்வுச் சுருக்கம்

மாநகர நெரிசலிலிருந்து விலகிப் புறநகரில் குடியமரும் விருப்பம் அண்மைக்காலப் போக்காகவே பெரிதும் பேசப்படுகிறது. சென்னையைப் பொறுத்தவரை இவ்விருப்பத்திற்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தோட்ட வீடுகள், 1920களின் மாம்பலம், 1931க்குப் பிந்தைய தாம்பரம் தடம், 2000க்குப் பிந்தைய அடுக்ககங்கள் ஆகிய நான்கு கட்டங்களில் இக்கட்டுரை அவ்வரலாற்றை ஆராய்கிறது. புறநகரின் அமைதி இயற்கையில் அமைந்த பண்பன்று. போக்குவரத்து, நிலப்பிரிப்பு, ஏரிநீர் ஆகிய மூன்றின் சேர்க்கையால் உருவான நிலை என்பதும், நகரம் தான் வேண்டாதவற்றைத் தள்ளிய அதே விளிம்பிலேயே அமைதி நாடியோரும் குடியேறினர் என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: புறநகர், தோட்ட வீடு, மாம்பலம், தாம்பரம், மின்தொடர்வண்டி, மனைப்பிரிவு, ஏரி, பள்ளிக்கரணை

முன்னுரை

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 43.4 இலட்சம் பேர். 2011இல் இத்தொகை 46.5 இலட்சமாயிற்று. பத்தாண்டு வளர்ச்சி 7 விழுக்காடு மட்டுமே. இதே காலத்தில் தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் முதலிய பகுதிகளை உள்ளடக்கியிருந்த அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 39 விழுக்காடும், வடக்கிலும் மேற்கிலும் அமைந்த திருவள்ளூர் மாவட்டம் 35 விழுக்காடும் வளர்ந்தன. சென்னை மாவட்டத்தின் மக்களடர்த்தி 2011இல் சதுர கிலோமீட்டருக்கு 26,553 ஆக இருந்தது. நகரின் நடுப்பகுதி நிறைந்துவிட்டது என்பதையும், வளர்ச்சி விளிம்புக்கு நகர்ந்துவிட்டது என்பதையும் இவ்வெண்கள் காட்டுகின்றன.

இந்நகர்வுக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணங்கள் வாடகை உயர்வு, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் வருகை, திருப்பெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகள் ஆகியவை. இவை உண்மையே. எனினும் விலையும் வேலையும் மட்டுமே மக்களை விளிம்புக்கு இட்டுச்சென்றன என்று கொண்டால் ஒரு வினாவிற்கு விடை கிடைப்பதில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்றோரும், நகருக்குள் வீடு வாங்க வசதி பெற்றோரும் ஏன் புறநகரைத் தேர்ந்தனர்? அவர்கள் கூறும் விடை பெரும்பாலும் ஒரு சொல்லில் அடங்கும்: அமைதி. அச்சொல் ஒவ்வொரு காலத்திலும் எதைக் குறித்தது, அதனை எவை உண்டாக்கின, அதற்கான விலையை யார் கொடுத்தனர் என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள். நகரின் தென்மேற்காகச் சைதாப்பேட்டை முதல் தாம்பரம் வரை செல்லும் இருப்புப்பாதையும், அதற்குக் கிழக்கே பள்ளிக்கரணை வரை பரவிய ஏரி நிலமும் ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுகின்றன.

புறஞ்சேரியும் புறநகரும்

ஊருக்கு வெளியே அமைந்த குடியிருப்பு தமிழ் மரபுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் 13ஆவது காதை ‘புறஞ்சேரியிறுத்த காதை’ எனப் பெயர்பெறுகிறது. மதுரையை அடைந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் முதலில் தங்குவது கோட்டைக்குள் அன்று. மதிற்புறத்தே துறவோர் வாழும் இடத்தில். அங்கு இரு பொருள்கள் ஒருங்கே இயங்குகின்றன. ஒன்று, ஊரின் ஆரவாரம் எட்டாத அறவோர் இருக்கை. மற்றொன்று, ஊருக்குள் இன்னும் இடம் பெறாதவர் காத்திருக்கும் எல்லை.

பிற்காலத்தில் இவ்விரண்டாம் பொருளே வலுப்பெற்றது. பிரமதேய ஊர்களில் அந்தணர் குடியிருப்பின் உட்பிரிவையும் குறித்த ‘சேரி’ என்னும் சொல், சோழர் கல்வெட்டுகளில் ‘பறைச்சேரி’, ‘கம்மாணசேரி’, ‘தீண்டாச்சேரி’ என ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளுக்கும் வழங்கியது. இன்றைய வழக்கில் சேரி என்பது ஒடுக்கப்பட்டோர் வாழிடத்தையே சுட்டுகிறது. ‘புறநகர்’ என்னும் சொல்லோ நடுத்தர வகுப்பினரின் வாழிடத்தைக் குறிக்கிறது. ஊரின் எல்லை என்னும் ஒரே இடப்பொருள் இரு வேறு சமூகப் பொருள்களாகப் பிரிந்துள்ளது. சென்னையின் தென்விளிம்பில் இவ்விரண்டும் அருகருகே நிற்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

‘அமைதி’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. ஒலியின்மை, போரின்மை, மனநிறைவு, பொருத்தமான அமைப்பு ஆகிய நான்கையும் அச்சொல் தழுவுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிடுகின்றன. சட்டம் அளப்பது ஒலியை மட்டுமே. குடியேறுவோர் நாடியது அதனினும் விரிந்தது.

தோட்ட வீடுகள்: பாதுகாப்பாக அமைந்த அமைதி

சென்னையில் புறநகர் வாழ்வை முதலில் நாடியோர் கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் அலுவலரும் வணிகரும் ஆவர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்தம் குடியிருப்பு பெரிதும் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் அடங்கியிருந்தது. 1746இல் பிரெஞ்சுப் படை கோட்டையைக் கைப்பற்றியது. 1749இல் அது மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1753இல் ஆளுநருக்கெனச் சேப்பாக்கத்தை ஒட்டி ஒரு தோட்ட மாளிகை வாங்கப்பட்டது. ஆயினும் மைசூர்ப் படைகள் 1760களிலும் 1780இலும் நகரின் சுற்றுப்புறங்கள் வரை வந்தமையால், கோட்டையை விட்டுத் தொலைவில் வாழ்வது இடர் நிறைந்ததாகவே இருந்தது. 1792, 1799 ஆகிய ஆண்டுகளின் சீரங்கப்பட்டணப் போர்களுக்குப் பின்னரே அவ்வச்சம் நீங்கியது. அடையாற்றங்கரையில் மௌபரேயின் மாளிகை, பிராடி கோட்டை போன்ற பெருவீடுகள் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தன. ஆகவே புறநகர் அமைதியின் முதற்பொருள் போரின்மையே ஆகும்.

பல ஏக்கர் பரப்புள்ள இவ்வீடுகள் நுங்கம்பாக்கம், எழும்பூர், தேனாம்பேட்டை, அடையாறு எனப் பரவின. துபாஷிகளும் பிற செல்வரும் தோட்ட வீடுகளை வாங்கினர். சென்னை ஒரு மையத்தைச் சுற்றி இறுகாமல், ஊர்களையும் வயல்களையும் இடையிட்டு விரிந்த நகராக வளர்ந்தமைக்கு இது ஒரு காரணம். 18, 19ஆம் நூற்றாண்டுச் சென்னையைப் பற்றிய சூசன் நீல்டின் 1979ஆம் ஆண்டுக் கட்டுரை இவ்வளர்ச்சியை ஆராய்ந்த முன்னோடிப் பணியாகும். குதிரை வண்டியும் பணியாளர் கூட்டமும் உடையோர்க்கே இவ்வாழ்வு வாய்த்தது. அமைதி என்பது அன்று ஒரு சலுகையாக இருந்தது.

மாம்பலம்: ஏரியின்மேல் எழுந்த குடியிருப்பு

இச்சலுகையை நடுத்தர வகுப்பினர்க்கும் விரிக்கும் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. எபினேசர் ஹோவர்டு 1898இல் முன்வைத்த தோட்ட நகரக் கருத்து உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. பேட்ரிக் கெடிஸ் தமது நகரமைப்புக் கண்காட்சியை 1915இல் சென்னையில் நடத்தினார். ஹெச். வி. லான்செஸ்டர் சென்னை நகரமைப்புக் குறித்து எழுதிய நூல் 1918இல் வெளிவந்தது. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் ஆட்சிக்கு வந்த நீதிக்கட்சியின் காலத்திலேயே மாம்பலம் திட்டம் செயலுக்கு வந்தது.

திட்டத்திற்கு வேண்டிய நிலம் அண்ணா சாலைக்கு மேற்கே நீண்டு கிடந்த ஏரியிலிருந்து பெறப்பட்டது. நுங்கம்பாக்கம் ஏரி, மயிலாப்பூர் ஏரி என வழங்கி, இரண்டும் சேர்ந்து ‘நீண்ட ஏரி’ எனப்பட்ட இந்நீர்நிலையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படகுப் போட்டிகள் நடைபெற்றன. அதன் பெரும்பகுதி தூர்க்கப்பட்டு, பூங்காவை மையமாகக் கொண்டு சாலைகள் பிரியும் குடியிருப்பு அமைந்தது. முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் இராமராயநிங்கரின் பெயர் பூங்காவிற்கும், 1925இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கும் சூட்டப்பட்டன. ஏரியின் நினைவு இன்று நுங்கம்பாக்கத்தின் ஏரிக்கரைச் சாலை, ஏரிப்பகுதி ஆகிய இடப்பெயர்களில் மட்டும் எஞ்சியுள்ளது.

மாம்பலத்தின் பிற்கால வரலாறு புறநகர் ஆய்வுக்கு ஒரு முன்னெடுத்துக்காட்டாகும். திண்ணையும் தோட்டமும் கொண்ட வீடுகளுக்கென வகுக்கப்பட்ட இப்பகுதி, மூன்று தலைமுறைக்குள் தமிழகத்தின் மிக நெரிசலான கடைவீதிகளுள் ஒன்றாயிற்று. மாம்பலம் நிலையத்தையும் உஸ்மான் சாலையையும் இணைக்கும் அரங்கநாதன் தெருவே இதற்குச் சான்று. அலுவலகம் சென்று மாலையில் அமைதிக்குத் திரும்ப வழிவகுத்த அதே நிலையம், பின்னர் புறநகர் முழுவதிலுமிருந்து வாங்குவோரைக் கொணர்ந்து இறக்கியது. அமைதியை உண்டாக்கிய கருவியே அதனைக் கலைக்கும் கருவியாகவும் ஆனது.

தாம்பரம் தடம்: நல்ல காற்றும் மின்தொடர்வண்டியும்

அடுத்த கட்டத்தில் ‘நல்ல காற்று’ முதன்மை பெற்றது. மருத்துவர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவினார். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோய் மருத்துவ இல்லம் நடத்திய பட்டறிவு அவருக்கு இருந்தது. காசநோய்க்குத் திறன்மிக்க மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில் திறந்தவெளிக் காற்றும் ஓய்வும் நல்லுணவுமே மருத்துவமாக இருந்தன. 1937இல் அரசு அதனை ஏற்றது. அதன் பெயரே ‘தாம்பரம் சானடோரியம்’ நிலையத்திற்கு இன்றும் வழங்குகிறது. அதே 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டுத் தாம்பரத்தின் காட்டு நிலத்திற்குப் பெயர்ந்தது. எட்வர்டு பார்ன்ஸ், ஆலிஸ் பார்ன்ஸ் ஆகியோரின் உழைப்பால் அவ்வளாகம் மரஞ்செடிகள் செறிந்ததாயிற்று.

இவ்விரு நிறுவனங்களும் தாம்பரத்தின் தூய காற்றுக்குச் சான்றாயின. ஆயினும் அன்றாடம் நகருக்குச் சென்று திரும்பும் குடியேற்றத்தை இயல்வித்தது 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே ஓடத்தொடங்கிய மீட்டர் பாதை மின்தொடர்வண்டி. ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீண்ட இத்தடத்தில் துறைமுகம், உயர்நீதிமன்றம், கோட்டை, எழும்பூர் ஆகியவற்றை ஒட்டிய அலுவலகங்களும், மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம் முதலிய குடியிருப்புகளும் ஒரே கோட்டில் அமைந்தன. சீசன் டிக்கெட் பெற்ற எழுத்தர்க்குத் தொலைவு என்பது மைல் கணக்காக இன்றி நேரக் கணக்காக மாறியது. தோட்ட வீட்டாருக்குக் குதிரை வண்டி தந்த விடுதலையை இங்கு வண்டி அட்டவணை தந்தது.

இத்தடத்தை முழுதும் அமைதியான நிலமாகக் கொள்வது பிழையாகும். குரோம்பேட்டை என்னும் பெயரே குரோம் லெதர் கம்பெனி என்னும் தோல் தொழிலகத்தால் வந்தது. பல்லாவரத்தில் தோல் பதனிடும் தொழில் ஊன்றியிருந்தது. பல்லாவரம், திரிசூலம் குன்றுகளில் கல் உடைக்கப்பட்டது. மீனம்பாக்கத்தில் வானூர்தித் தளம் அமைந்தது. தொற்றுநோயாளரையும் தோல் தொழிலையும் நகரம் எல்லைக்கு அனுப்பியது. அதே எல்லைக்கு அமைதி நாடியோரும் வந்தனர். இரண்டிற்கும் காரணம் ஒன்றே: விளிம்பில் நிலம் மலிவு, நகராட்சியின் கட்டுப்பாடு குறைவு.

மனைப்பிரிவும் சொந்த வீடும்

1941இல் 7.8 இலட்சமாக இருந்த நகர மக்கள்தொகை 1951இல் 14.2 இலட்சமாயிற்று. நகர எல்லை 1946இல் விரிந்தமையும் இவ்வுயர்வில் அடங்கும். 1961இல் தொடங்கிய தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் அண்ணாநகர், கலைஞர் கருணாநிதி நகர், அசோக் நகர் போன்ற பெருங்குடியிருப்புகளை அமைத்தது. இவற்றில் இடம் பெறாதோர் இருப்புப்பாதையைப் பின்பற்றித் தெற்கே சென்றனர். கூட்டுறவு வீடுகட்டும் சங்கங்களும் தனியாரும் வயல்களை மனைகளாகப் பிரித்தனர். 2,400 சதுர அடி கொண்ட ‘கிரவுண்டு’ அளவையாயிற்று. ஒரு கிரவுண்டு அல்லது அரை கிரவுண்டு வாங்குவதே அரசு அலுவலர், ஆசிரியர், வங்கி ஊழியர் ஆகியோரின் வாழ்நாள் இலக்காயிற்று. நங்கநல்லூர், குரோம்பேட்டை, சேலையூர், சிட்லபாக்கம் ஆகியவை இவ்வகையில் நிரம்பின.

இக்கட்டத்தில் அமைதி என்பது வீட்டு உரிமையாளரின் தலையீடின்மையையும் குறித்தது. வாடகை வீட்டில் கிணற்றடிக்கும் மின்விளக்குக்கும் இசைவு வேண்டியிருந்தோர்க்குச் சொந்தக் கிணறும் தென்னையும் முல்லைப்பந்தலும் தன்மதிப்பின் அடையாளங்களாயின. அவ்வாழ்வின் மறுபக்கம் ஊராட்சிகளின் பொருள்வளக் குறைவு. குழாய்நீர், கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால் ஆகியவை மனைகளுக்கு முன்னதாக வரவில்லை. நீரைக் கிணறும், கழிவைக் கழிவுநீர்த் தொட்டியும் ஏற்றன. சாலைக்கும் விளக்குக்கும் மனுக்கொடுக்கக் குடியிருப்போர் நலச்சங்கங்கள் தோன்றின. அரசு வழங்கவேண்டிய வசதிகளை நிலத்தடி நீர் ஈடுசெய்த காலம் இது. அந்நீரை ஊட்டியவை ஏரிகள்.

2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் நிலை மாறியது. பழைய மாமல்லபுரம் சாலையும் வேளச்சேரி–தாம்பரம் சாலையும் இருப்புப்பாதையைச் சாராத புறநகரை உருவாக்கின. 2004இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதை மின்வண்டிச் சேவை முடிவுற்று அகலப்பாதை முழுமையாயிற்று. வீட்டுக் கடனும் அதன் வட்டிக்கான வருமான வரிச் சலுகையும் இளம் வயதினரை வாங்குவோராக்கின. தனி வீடுகள் அடுக்ககங்களாயின. அமைதி இப்போது மதில், காவலர், வாயில் ஆகியவற்றால் காக்கப்படும் பொருளாயிற்று.

ஏரி நிலமும் அமைதியின் விலையும்

தென்புறநகர் நிலம் வெறும் காலிமனையாக இருந்ததில்லை. அது ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்ட ஏரிகளின் நிலம். சேலையூர், சிட்லபாக்கம் ஏரிகளின் மிகைநீர் செம்பாக்கம் வழியாக நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும். மேற்கே பெருங்களத்தூர், முடிச்சூர்ப் பகுதியின் நீர் அடையாற்றில் வடியும். மதகு வழியே பாசனநீர் ஆயக்கட்டிற்கும், கலங்கல் வழியே மிகைநீர் அடுத்த ஏரிக்கும் செல்லும்.

இவ்வமைப்பின் அழிவு ஏரி ஆக்கிரமிப்பால் மட்டும் நேர்ந்ததன்று. ஆயக்கட்டு வயல்கள் பட்டா நிலங்கள். அவற்றை மனையாக்குதல் பெரும்பாலும் சட்டத்திற்கு உட்பட்டே நடந்தது. வயல் மறைந்தபின் மதகுக்குப் பயனில்லை. பயனற்ற மதகைப் பேண யாருமில்லை. வாய்க்கால் தெருவாயிற்று அல்லது சாக்கடையாயிற்று. குடிமராமத்து செய்த உழவர் சமூகம் கலைந்தது. ஏரி பாசனத்திற்கு உரியது என்னும் நிலை மாறி, எவருக்கும் உரியதல்லாத புறம்போக்காகக் காணப்பட்டது. கரைக்குக் கீழே, நீர் இயல்பாகப் பாயும் தாழ்நிலத்தில், அமைதி நாடியோரின் வீடுகள் நின்றன. 2007இல் ஏரிப் பாதுகாப்பிற்கும் ஆக்கிரமிப்பு அகற்றலுக்கும் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் ஆயக்கட்டும் வாய்க்காலும் மாறிய இடங்களில் ஏரிப்பரப்பை மட்டும் காப்பது அவ்வமைப்பை மீட்காது.

2015 திசம்பர் முதல் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பதிவாயிற்று. முடிச்சூர், வரதராசபுரம், மேற்குத் தாம்பரம் ஆகியவை நீரில் மூழ்கின. மக்கள் படகுகளில் மீட்கப்பட்டனர். நான்கு ஆண்டுகளுக்குள், 2019 கோடையில், அதே தென்புறநகர் தண்ணீர் லாரிகளுக்காகக் காத்திருந்தது. சிட்லபாக்கத்தில் குடியிருப்போர் தாமே ஏரியைத் தூர்வார இறங்கினர். வெள்ளமும் வறட்சியும் ஒரே இழப்பின் இரு தோற்றங்கள் என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்தின.

பள்ளிக்கரணையின் வரலாறு விளிம்பின் இரட்டைப் பயன்பாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்ததாக மதிப்பிடப்படும் சதுப்பு நிலத்தில் மாநகரின் பெருங்குடி குப்பைக்கிடங்கு அமைந்தது, கழிவுநீர் விடப்பட்டது, அலுவலகங்களும் அடுக்ககங்களும் எழுந்தன. 2022இல் ராம்சர் தகுதி பெற்ற பரப்பு 1,248 எக்டேர், அதாவது 12.5 சதுர கிலோமீட்டர் அளவே. இதே இருபதாண்டுகளில் நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் குடிசைப்பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டன. சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒருவர்க்கு அமைதியாகத் தோன்றிய தொலைவு, மற்றவர்க்கு வேலையையும் பள்ளியையும் இழக்கச்செய்த தொலைவாயிற்று. முன்னவர் தொலைவைத் தேர்ந்தனர். பின்னவர்மேல் அது சுமத்தப்பட்டது. புறஞ்சேரி என்னும் சொல் தாங்கிய இரு பொருள்களும் இங்கு நிலப்படத்திலேயே காணக்கிடக்கின்றன.

முடிவுரை

சென்னைத் தென்புறநகர் வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, நாடப்பட்ட அமைதியின் பொருள் காலந்தோறும் மாறியது: 18ஆம் நூற்றாண்டில் பாதுகாப்பு, 1920களில் ஒழுங்குற்ற தெருவும் தோட்டமும், 1930களில் நல்ல காற்று, விடுதலைக்குப்பின் சொந்த வீடு, 2000க்குப்பின் காவலுடைய வளாகம். இரண்டாவதாக, ஒவ்வொரு கட்டத்திலும் அமைதியை எட்டச்செய்த போக்குவரத்தே நெரிசலையும் கொணர்ந்தது. அதனால் புறநகர் என்னும் நிலை ஒரு தலைமுறைக்குமேல் நீடிக்கவில்லை. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்ததும், 2021இல் தாம்பரம் தனி மாநகராட்சியானதும், 2022இல் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டதும் இதனை உறுதிப்படுத்துகின்றன. மூன்றாவதாக, அமைதிக்கு அடிப்படையாக இருந்த ஏரித்தொடர் குடியேற்றத்தின் கணக்கில் ஒருபோதும் செலவாக எழுதப்படவில்லை. அச்செலவைப் பிற்காலக் குடியிருப்போரும், விளிம்புக்கு அகற்றப்பட்ட ஏழையரும் ஏற்றனர்.

விரிந்த பெருநகரப் பகுதியில் இனி மனைகளாக இருக்கும் ஊர்கள் இன்று ஆயக்கட்டு வயல்களாக உள்ளன. அவற்றின் கிராம வரைபடம், புலப்படம், ‘அ’ பதிவேடு, தெருப்பெயர், ஏரிநீர் உரிமை பற்றிய முதியோர் வாய்மொழி ஆகியவற்றை ஊர்தோறும் தொகுப்பது உள்ளூர் வரலாற்று ஆய்வின் உடனடிப் பணியாகும். மாம்பலத்தின் ஏரியைத் தெருப்பெயரைக்கொண்டே இன்று உய்த்துணர வேண்டியுள்ளது. மனைப்பிரிவு வருமுன்னரே மதகும் கலங்கலும் வாய்க்காலும் பதிவாகுமாயின், அவ்வூர்களின் நீர்வழிகளை ஒதுக்கிவைத்து வீடமைப்பதற்குத் திட்டமிடுவோரும் நலச்சங்கங்களும் ஆதாரமாகக் காட்டத்தக்க ஆவணம் ஒன்று கிடைக்கும்.